ஈரிழைத் துண்டுக்குள் பதினேழு கைகள்

உடுமலைப்பேட்டை சுகிர்தாவின் மிச்ச ஆயுளுக்குப் பதினாறு நாடுகள் சேர்ந்து சொன்ன விலை, இருநூற்றுப் பன்னிரண்டு வருடம். அவளுக்கு வயது முப்பத்து நான்கு. வேளைக்குச் சாப்பிட்டு, நல்ல காற்று வாங்கி, ஒரு தும்மல்கூட இல்லாமல் வாழ்ந்தாலும் அவளால் கொடுத்து முடிக்க முடியாத தொகை. எங்கள் வியாபாரத்தில் இதை விலை என்று சொல்வதில்லை. விற்க மனமில்லாத கடைக்காரன் வந்தவனை விரட்டுவதற்குச் சொல்லும் எண் இது.

அந்த எண் கோயம்புத்தூர் அவினாசி சாலையில், பழைய நூற்பாலை ஒன்றைச் சீர்செய்து அமைத்திருந்த தொடுகை நீதிமன்றத்தின் சுவர்ப் பலகையில் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. கீழே நாடுகளின் பெயர்கள், அவரவர் கேட்ட வருடங்கள். நெதர்லாந்து பதினெட்டு. சிலி பதினேழு. கென்யா பதினாறு. பதினேழாவது வரியில் பொலிவியா. அதற்கு எதிரே ஒன்றும் இல்லை. சந்தையில் கத்துகிறவனைக் கண்டு நான் பயந்ததில்லை. விலை சொல்லாமல் மாட்டின் பல்லையே பார்த்துக்கொண்டு நிற்கிறவனிடம் எப்போதும் பயம்தான்.

நான் ஆறுச்சாமி. காந்திபுரத்தில் பழைய மோட்டார் வாங்கி விற்கிறேன். என் அப்பா பொள்ளாச்சிச் சந்தையில் மாட்டுத் தரகர். சுகிர்தா எனக்குச் சொந்தமில்லை. என்னிடம் எரிந்துபோன மோட்டார்களை வாங்கிப் போய், புதிய செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டித் திருப்பி அனுப்புவாள். அவள் கட்டிய மோட்டார் ஒன்றுகூட என் கடைக்குத் திரும்பி வந்ததில்லை. இந்த ஒரு வரிக்காகத்தான் அவளுடைய வழக்கறிஞர் மெஹருன்னிசா என்னைக் குணநலச் சாட்சியாக அழைத்திருந்தார்.

நீதிமன்றக் கேன்டீனில் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டேன். “ஒரு ஆளு, ஒரு குத்தம். பதினேழு நாடு எதுக்குங்க வக்கீலம்மா?”

“முன்னெல்லாம் என்ன நடந்துச்சு தெரியுமாண்ணா? திருடன் ஒரு நாட்டுல உக்காந்திருப்பான். அவன் வாடகைக்குப் பிடிச்ச கம்ப்யூட்டர் வேற நாட்டுல. காசு போறது மூணாவது நாட்டுல யாரோ ஒரு டீச்சரம்மாவோட பேங்க் கணக்குல. அந்தம்மா போலீசுக்குப் போனா ‘எங்க எல்லையில நடக்கலை’ம்பாங்க. அடுத்தவன் ‘எங்க ஆளு யாரும் பாதிக்கலை’ம்பான். ஆளைக் கொடுன்னு கேட்டா, ‘உங்க ஊர்ல குத்தம், எங்க ஊர்ல இல்லையே’ம்பான் மூணாவது ஆளு. திருடன் நடுவுல கால் நீட்டித் தூங்குவான்.”

“அது செரிங்க.”

“அதனால ஒப்பந்தம் போட்டாங்க. குத்தம் எந்த மண்ணைத் தொட்டுச்சோ, அந்த மண்ணுக்கெல்லாம் தண்டனையில பங்கு. ஆள் எங்க மாட்டுனாலும் அங்கயே அமர்வு. ஒவ்வொரு நாடும் தன் பங்கைப் பலகையில எழுதணும். ஒண்ணு முடிச்சு ஒண்ணு அனுபவிக்கணும்.”

சும்மா சொல்லக்கூடாது, எனக்கு மெய் சிலிர்த்துவிட்டது. ஒரு கப்பல் கோதுமைக்கு ஒத்துப்போகாத நாடுகள், ஒரு தீவுக்காக முப்பது வருடம் முறைத்துக்கொண்ட நாடுகள், எல்லாம் ஒரே மேசையில் உட்கார்ந்து ‘குற்றம் தொட்ட இடமெல்லாம் நம் இடம்’ என்று கையெழுத்துப் போட்டிருக்கின்றன. கடலுக்கடியில் கண்ணாடி நூலில் ஓடுகிற வெளிச்சத்தைத் துரத்திக்கொண்டு சட்டமும் ஓடக் கற்றுக்கொண்டது. மனிதன் இவ்வளவு பெரிய வலை பின்னுவான் என்று என் அப்பாவிடம் சொல்லியிருந்தால், அதில் எத்தனை கிலோ மீன் பிடிக்கலாம் என்று கேட்டிருப்பார்.

“பலகையில எழுதறதுங்கறது, எல்லாத்துக்கும் தெரியற மாதிரிங்களா?”

“ஆமா. ஒளிவுமறைவு இருக்கக்கூடாதுன்னுதான்.”

“அங்கதானுங்க கெட்டுது. பத்துப் பேர் பாக்க எவனாச்சும் விலையிறங்குவானுங்களா?”

மெஹருன்னிசா டம்ளரைக் கீழே வைத்தார். “நெதர்லாந்து முதல்ல ஆறுதான் எழுதுச்சு. சிலி அதைப் பார்த்துட்டு எட்டு. உடனே கென்யா ஒன்பது. எட்டு மாசமா ஏறிக்கிட்டே இருக்கு. குறைச்சா அவங்க ஊர்ப் பேப்பர்ல கிழிச்சுருவாங்க, ‘நம்ம ஜனங்க பட்ட பாடு அவ்வளவு மலிவா’ன்னு.”

வலை திமிங்கிலத்துக்காகப் பின்னப்பட்டது. மாட்டிக்கொண்டது உடுமலையில் காயில் கட்டுகிற பெண்.

*

நீதிமன்றக் கட்டடத்திலேயே இருந்த காவல் அறையில் அவளைப் பார்த்தேன். மெலிந்திருந்தாள்.

“வாங்கண்ணா. கடை எப்படி ஓடுது?”

“அதை விடு அம்மிணி. நீ என்ன பண்ணுனன்னு உன் வாயால சொல்லு. பேப்பர்ல படிச்சா நீ என்னமோ உலகத்தையே அணைச்சுப்போட்ட மாதிரி இருக்குது.”

அவள் செய்தது இவ்வளவுதான். தென்னந்தோப்புகளில் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் கன்ட்ரோலர் பொருத்திய மோட்டார்கள் ஓடின. வருடா வருடம் கம்பெனிக்குச் சந்தா கட்டாவிட்டால், சொந்தக் காசில் வாங்கிய மோட்டார் சொந்தக் கிணற்றில் தண்ணீர் எடுக்காது. கோடையில் மரம் காய்வதைப் பார்த்துவிட்டு, பூட்டைத் திறக்கும் ஒன்பது வரி நிரலை எழுதினாள். இலவசமாக வெளியிட்டாள். காயில் கட்டிய மோட்டாரில் ஸ்டிக்கர் ஒட்டுகிற பழக்கத்தில் கடைசி வரியில் ‘சுகிர்தா மோட்டார்ஸ், உடுமலை’ என்று போட்டு, போன் நம்பரும் எழுதினாள்.

பெயர் தெரியாத எவனோ அந்த ஒன்பது வரியை எடுத்தான். திறக்கும் சாவியைப் பூட்டும் சாவியாகத் திருப்பினான். அதே கன்ட்ரோலர் உலகமெங்கும் லிஃப்டுகளிலும் குளிர்பதனக் கிடங்குகளிலும் குடிநீர் நிலையங்களிலும் இருந்தது. ஒரு காலைப்பொழுதில் பதினேழு நாடுகளில் எல்லாவற்றையும் நிறுத்தி, பணம் கேட்டான். அவன் இன்றுவரை அகப்படவில்லை. அவன் திருத்தாமல் விட்ட ஒரே வரி, போன் நம்பர். பதினேழு நாட்டுப் போலீசும் உடுமலைக்குப் போன் போட்டார்கள். இவளும் எடுத்து, “சொல்லுங்க, சுகிர்தா மோட்டார்ஸ்” என்றிருக்கிறாள்.

நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். பிறகு அவள் முகம் மாறியது.

“பதினாறு நாட்டுல நட்டமுங்கண்ணா. லிஃப்ட்ல மாட்டுனாங்க, மீன் அழுகிப்போச்சு. அதையெல்லாம் கூட நான் ஒருமாதிரி தாங்கிக்குவேன். பொலிவியாவுல மலைமேல ஒரு சின்ன ஆஸ்பத்திரி. நாலாயிரம் மீட்டர் உசரம். அங்க ஆக்சிஜன் எடுக்கற மெசினு, மூச்சு விடவைக்கற மெசினு, ரெண்டும் அந்த கன்ட்ரோலர்தான். பதினோரு நிமிசம் நின்னுபோச்சு. மெசின்ல ஆறு பேர் இருந்தாங்க. நாலு பேர் செத்துட்டாங்க.”

“எவனோ பண்ணுனதுக்கு நீ என்ன பண்ணுவ?”

“சாவி என்னுதுங்க.”

கட்டிலுக்கடியிலிருந்து பொலிவியா பற்றிய வழக்குக் கோப்பு ஒன்றை எடுத்துக் காட்டினாள். ஓரமெல்லாம் மடங்கி, கோயில் பிரசாதப் பை மாதிரி கசங்கியிருந்தது. எத்தனை முறை படித்தாளோ.

*

வெளியே வந்து மெஹருன்னிசாவிடம் எங்கள் சந்தை வழக்கத்தைச் சொன்னேன். மாட்டை நடுவில் நிறுத்திக்கொண்டு வாங்குபவனும் தரகனும் ஒரு துண்டுக்குள் கை கோத்துக்கொள்வார்கள். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று. இரண்டைப் பிடித்தால் இரண்டு. ஐந்தையும் சேர்த்து அமுக்கினால் ஐந்து. விட்டு மறுபடி பிடித்தால் கூட்டிக்கொள்ள வேண்டும். சுற்றி நூறு பேர் நின்றாலும் என்ன கேட்டான், எவ்வளவு இறங்கினான் என்று எவனுக்கும் தெரியாது. வாய் ‘முடியவே முடியாது’ என்று கத்திக்கொண்டிருக்கும். விரல் ‘சரி’ என்றிருக்கும். கடைசியாகத் தரகன் ஒரு எண்ணை மட்டும் சொல்வான். துண்டுக்குள் நடந்த மற்றது அவனோடு சுடுகாட்டுக்குப் போகும்.

“நாடுகளுக்கு வெட்கம்தானுங்க பிரச்சினை,” என்றேன். “ஒரு துண்டைப் போட்டு வெட்கத்தை மூடிப்புடலாம்.”

அவர் கேலி செய்வார் என்று நினைத்தேன். செல்பேசியில் ஒப்பந்தத்தைத் திறந்து பத்து நிமிடம் படித்தார். “ஒன்பதாம் பிரிவு. ‘அமர்வு நடக்கும் ஊரின் வழக்கப்படி சமரசம் பேசலாம், அதன் முடிவு அந்த வழக்கப்படியே பதிவாகும்.’ பசிபிக் தீவுக்காரங்க கேட்டதுக்காகச் சேர்த்தது. இதுவரைக்கும் யாரும் பயன்படுத்தலை.” பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். “துண்டு சுத்தமா இருக்குமாண்ணா?”

சுத்தமான ஈரிழைத் துண்டு ஒன்றை ஈரோட்டிலிருந்து வரவழைத்தேன். பாதுகாப்பு அதிகாரிகள் அதை மூன்று முறை கருவிக்குள் விட்டுப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் கருவி ‘பருத்தி’ என்றது. அவர்கள் அதை நம்பவில்லை.

நான் நினைத்ததைவிட வேகமாக நாடுகள் ஒப்புக்கொண்டன. எல்லோருக்குமே இறங்க ஒரு படி தேவைப்பட்டிருக்கிறது. திரையில் பேசினால் பதிவாகிவிடும். பதிவானால் பலகைக்கு வந்துவிடும். ஆகவே உடம்போடு வர வேண்டும். டெல்லித் தூதரகங்களிலிருந்து பதினாறு பேர் காலை விமானத்தில் வந்தார்கள். பொலிவியப் பிரதிநிதி மட்டும் நான்கு விமானம் மாறி முந்தின நாளே வந்துவிட்டதாகச் சொன்னார்கள். பட்டியலில் ‘நய்ரா கிஸ்பே’ என்று ஒரு பெயர். பதவி எதுவும் இல்லை.

*

நூற்பாலையின் கூடத்தில், ஒரு காலத்தில் நூல் நூற்கும் கதிர்கள் சுழன்ற இடத்தில், ஒரு மேசை. ஒரு பக்கம் நான். எதிரே ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். நீதிமன்றப் பதிவேட்டைக் கவனிக்கும் இயந்திரத்துக்கு ஊழியர்கள் கணக்குப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தார்கள். அது கண்ணில்லாமல், காதோடு மட்டும், மூலையில் இருந்தது. மாலை ஐந்து மணிக்கு அதனிடம் கணக்கு ஒப்படைக்க வேண்டும். எண் சொல்லாத நாட்டுக்குப் பூஜ்யம்.

ஒரு விரல் ஒரு வருடம், மடக்கினால் பாதி என்று எல்லோரிடமும் முன்பே சொல்லியிருந்தோம். முதலில் நெதர்லாந்துக்காரர். ஆறரை அடி உயரம், முகத்தில் பலகையின் பதினெட்டு அப்படியே இருந்தது. துண்டைப் போட்டேன். கை சில்லென்று வந்தது. நான் அவருடைய ஒரு விரலை மடக்கி, பாதி வருடம் என்று காட்டினேன். அவர் முகம் மாறாமல் எனது இரண்டு விரலைப் பிடித்தார். நான் ஒன்றாக்கினேன். அவர் விடவில்லை. நானும் விடவில்லை. மூச்சு ஒருமுறை இழுத்துவிட்ட நேரம். மடக்கிய பாதி விரலில் வந்து நின்றார். பதினெட்டு வருடம், வெறும் ஆறு மாதமாகச் சுருங்கிவிட்டது. வெளியே போகும்போது தன் கையையே பார்த்துக்கொண்டு போனார்.

ஜப்பான்காரர் உட்காருவதற்கு முன்பும் பின்பும் கை கழுவினார். கென்யாக்காரர் துண்டைப் பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்தார். என்னைவிட வேகமாகப் பேரம் பேசினார், இரண்டு முறை என்னை ஏமாற்றப் பார்த்தார், எழுந்திருக்கும்போது தோளில் தட்டிக்கொடுத்தார். சிலி அம்மையார் நெடுநேரம் ஒன்றுமே பிடிக்காமல், பிறகு என் உள்ளங்கையைத் தட்டி, எதுவும் வேண்டாம் என்று எழுந்தார். ஒவ்வொரு கையும் ஒவ்வொரு தேசம். பலகையில் அது சிங்கம். துண்டுக்குள் வியர்த்த கை. அரசாங்கங்களுக்கு ரேகையும் நகமும் இருக்கின்றன என்று எனக்கு அறுபத்தோரு வயதில்தான் தெரிந்தது.

மூன்றே முக்கால் மணிக்குள் பதினாறும் முடிந்தது. மனக்கணக்கில் மூன்று வருடம் இரண்டு மாதம். அதில் அவள் இதுவரை உள்ளே இருந்த காலம் கழியும். எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது.

பிறகு பொலிவியா வந்து உட்கார்ந்தது.

குட்டையான பெண், ஐம்பது வயதிருக்கும். கறுப்புக் கம்பளிச் சால்வை. கோயம்புத்தூர் வெயிலில் அதைக் கழற்றவே இல்லை. வணக்கம் சொல்லவில்லை. வலது கையைத் துண்டுக்குள் நீட்டினாள். மொழிபெயர்ப்புக் கருவியைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

நான் ஒரு விரலைப் பிடித்தேன். அவள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. என் ஐந்து விரலையும் மொத்தமாகச் சேர்த்து அழுத்தினாள். ஐந்து. சரி, ஐந்து வருடம், பேசிக் குறைக்கலாம். விட்டாள். மறுபடி அழுத்தினாள். பத்து. விட்டாள். பதினைந்து.

நான் இடையில் புகுந்து குறைக்கப் பார்த்தேன். என் விரல்களுக்கு அவள் கையில் இடமே இல்லை. இருபது. இருபத்தைந்து. கை மண்வெட்டி பிடித்த கை மாதிரி கெட்டியாக இருந்தது, ஆனால் அழுத்தம் முரட்டுத்தனமாக இல்லை. ஒரே அளவு, ஒரே இடைவெளி. அறுபது. நூறு. மேசைமேல் வைத்திருந்த அவளது இடது கையும் சும்மா மூடி மூடித் திறந்துகொண்டிருந்தது. நரம்புத் தளர்ச்சி என்று நினைத்தேன். இருநூறு. முந்நூறு. என் அப்பா நாற்பது வருடத் தரகில் பார்த்திராத கேள்வி இது. நானூறு. அவள் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னாலிருந்த சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அறுநூறைத் தாண்டும்போது அவள் கை நடுங்க ஆரம்பித்தது. நிறுத்தவில்லை. அறுநூற்று அறுபதில் நின்றாள்.

கையை எடுத்துக்கொண்டாள். சால்வையைச் சரிசெய்துகொண்டு எழுந்து போனாள்.

*

நேரே காவல் அறைக்குப் போனேன், சுகிர்தாவும் வக்கீலும் அங்கே காத்திருந்தார்கள். மெஹருன்னிசா என் முகத்தைப் பார்த்தே உட்கார்ந்துவிட்டார். துண்டுக்குள் நடந்ததை வெளியில் சொல்லக்கூடாதுதான். ஆனால் எண்ணைச் சொல்லலாம்.

“பதினாறும் மூணு வருசம் சொச்சத்துல முடிஞ்சுது அம்மிணி. பொலிவியா மட்டும்…” துண்டைத் தோளில் போட்டுக்கொண்டேன். “அறுநூத்தி அறுபது.”

“வருஷமா?” என்றார் மெஹருன்னிசா.

சுகிர்தா அதிரவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, மோட்டார் சத்தம் கேட்டுப் பழுது சொல்கிறவள் மாதிரி என்னைப் பார்த்தாள். “எப்படிங்கண்ணா சொன்னாங்க அறுநூத்தி அறுபதை? விரல்ல?”

“அஞ்சஞ்சா கூட்டிக்கிட்டே போனாங்க. நூத்தி முப்பத்திரண்டு தடவை. நான் ஒண்ணுகூட விடலை.”

“யாருங்க வந்தது?”

“என்னமோ கிஸ்பே. நய்ரா கிஸ்பே.”

அவள் என் அருகே வந்தாள். கையை நீட்டினாள். “அதே மாதிரி புடிச்சுக் காட்டுங்க. எவ்வளவு அழுத்துனாங்களோ அதே அளவு. எவ்வளவு நேரம் விட்டாங்களோ அதே நேரம்.”

துண்டு என் தோளில் இருந்தது. அதை இருவர் கைமேலும் போட்டேன். வழக்கத்தை மீறுகிறேன் என்று தெரியும். ஆனாலும் கை கையிடம்தானே சொல்கிறது, வாய்க்கு வேலையில்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அழுத்தினேன். விட்டேன். அழுத்தினேன். விட்டேன்.

ஆறாவது தடவையில் அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“அண்ணா, இது எண் இல்லைங்க.”

“பின்ன?”

“அஞ்சு செகண்டுக்கு ஒரு தடவை. நிமிசத்துக்குப் பன்னெண்டு. பதினோரு நிமிசத்துக்கு நூத்தி முப்பத்திரண்டு.” தன் உள்ளங்கையைப் பார்த்தாள். “மெசின் நின்னா, வாயில ஒரு ரப்பர் பையை வெச்சுக் கையால அமுக்கி மூச்சுக் குடுப்பாங்க. அன்னிக்கு அந்த வார்டுல ஒரே ஒரு நர்ஸ்தானுங்க. ஆறு பேர் கட்டில்ல. நடுவுல நின்னு, வலது கையில ரெண்டாம் நம்பர் கட்டிலுக்கு ஒரு பை, இடது கையில மூணாம் நம்பருக்கு ஒரு பை. மத்த நாலு கட்டிலைப் பாத்துக்கிட்டே அமுக்கியிருக்காங்க. விட்டுட்டுப் போனா இந்த ரெண்டும் போயிரும். கோப்புல மூணாம் சாட்சி, நய்ரா கிஸ்பே.”

நான் எவ்வளவு பெரிய கணக்கன்! ஒரு உயிர் மூச்சு விட்டதை, ஒவ்வொரு மூச்சையும், ஐந்து வருடம் ஐந்து வருடமாகக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். மேசைமேல் மூடித் திறந்த இடது கை நினைவுக்கு வந்தது. அந்தக் கையில் இருந்தவரும் பிழைத்தார்.

அந்தப் பெண் விலை சொல்ல வரவில்லை. சரக்கைக் காட்டிவிட்டுப் போயிருக்கிறாள். நான்கு விமானம் மாறி, உலகத்தின் அந்தக் கோடியிலிருந்து, பதினோரு நிமிடத்தைக் கையில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். ஒப்பந்தத்தின் ஆயிரத்து நூறு பக்கத்தில் எந்தப் பிரிவிலும் அதற்கு இடமில்லை. ஈரோட்டுத் துண்டில் இருந்தது.

மெஹருன்னிசாதான் முதலில் தெளிந்தார். “அப்போ எண்ணே சொல்லலைதானே? எண் சொல்லலைன்னா பூஜ்யம்! அண்ணா, மணி நாலேகால். போய்ப் பூஜ்யம்னு பதிஞ்சுட்டு வந்துடுங்க. முடிஞ்சது வழக்கு!”

“வேண்டாங்க மேடம்,” என்றாள் சுகிர்தா.

“என்ன வேண்டாம்?”

“பூஜ்யம்னு எழுதுனா, அவங்க வரவே இல்லைன்னு ஆயிருமில்லைங்க.”

“உனக்குப் பைத்தியமா? பூஜ்யம்னா மறுபடி உன்னை யாரும் தொட முடியாது. ஒரு குத்தத்துக்கு ரெண்டு தடவை தண்டனை கிடையாது. பொலிவியாகிட்டருந்து காலத்துக்கும் விடுதலை.”

“நாலு பேருக்குப் பூஜ்யமுங்களா?”

மெஹருன்னிசா என்னைப் பார்த்தார், நீங்களாவது சொல்லுங்கள் என்பது போல. நான் வியாபாரி. லாபத்தை வேண்டாமென்று தள்ளுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும். ஆனால் அந்தக் கையில் இன்னும் அந்த அழுத்தம் இருந்தது.

“சந்தையில இன்னொரு வழக்கமும் இருக்குதுங்க,” என்றேன் தயங்கித் தயங்கி. “கை விட்டுட்டாங்க, ஆனா விலை படியலை. மாட்டையும் ஓட்டிக்கிட்டுப் போகலை. அப்பத் தரகன் ‘பேச்சு முடியலை’ம்பான். அடுத்த வாரமோ அடுத்த வருசமோ, அதே ரெண்டு பேர் வந்து அதே துண்டுல மறுபடி ஆரம்பிக்கலாம். ஆனா அம்மிணி, நல்லாக் கேட்டுக்க. அப்படி எழுதுனா உன் கழுத்துல கயிறு அப்படியே கிடக்கும். உனக்கு எழுபது வயசுல வந்து எண் சொன்னாலும் செல்லும்.”

“வரட்டுமுங்க,” என்றாள். “வந்தா நான் இருக்கோணுமில்ல.”

*

கேன்டீன் மூலையில் நய்ரா கிஸ்பே தனியாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். மொழிபெயர்ப்புக் கருவியை மறுபடி மாட்டியிருந்தாள். எதிரே போய் நின்றேன்.

“அவளிடம் கொடுத்தீர்களா?” என்று அவளே கேட்டாள். கருவி அதைப் பாடப்புத்தகத் தமிழில் சொன்னது.

“குடுத்துட்டனுங்க. ஆறாவது தடவையிலயே புரிஞ்சுக்கிட்டா.”

தலையாட்டினாள். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“அஞ்சு மணிக்குக் கணக்குக் குடுக்கோணுமுங்க. நீங்க எண் எதுவும் சொல்லலை.”

“என்னிடம் எண் இல்லை. அரசாங்கம் ஒன்று எழுதிக் கொடுத்தது. விமானத்தில் கிழித்துவிட்டேன்.”

“அப்ப, பேச்சு முடிஞ்சுதுங்களா?”

கேன்டீன்காரர் எங்கள் மேசையைத் துடைத்துவிட்டுப் போனார்.

“இல்லை,” என்றாள்.

நான்கு ஐம்பத்தைந்துக்குக் கணக்குப்பிள்ளை முன்னால் நின்றேன். ஒவ்வொரு நாடாகச் சொன்னேன். பொலிவியாவுக்கு வந்ததும், “எண் அல்லது பூஜ்யம்,” என்றது. ஒன்பதாம் பிரிவு என்றார் மெஹருன்னிசா. அவர் குரலில் இன்னும் கோபம் இருந்தது. நான் ஊர் வழக்கத்தைச் சொன்னேன். ஒரு நொடியில் ஒரு லட்சம் தீர்ப்புகளைப் படிக்கிற இயந்திரம், நாற்பது நொடி எடுத்துக்கொண்டது. அந்த நாற்பது நொடியும் கூடத்தில் நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நூற்று அறுபது நாடுகளின் சட்டம் முழுவதும் எங்கோ ஒரு இருட்டில் புரண்டு, தனக்குள் ஒரு புதிய அறையைத் திறந்துகொண்டிருந்தது. பிறகு சுவர்ப் பலகையில் பச்சை எழுத்துகள் ஒவ்வொன்றாக அணைந்து, புதிதாக எரிந்தன.

பதினாறு நாடுகள் கேட்டது: மூன்று வருடம், இரண்டு மாதம்.
இதுவரை இருந்தது, கழிவு: ஒரு வருடம், நான்கு மாதம்.
இனி இருக்க வேண்டியது: ஒரு வருடம், பத்து மாதம்.
பொலிவியா: பேச்சு முடியவில்லை.